‘சாப்பிட்டேன் உம்மா!’

 

வெளிநாட்டுக்குப் படிக்கச் செல்லும் பிள்ளைக்குப் பெட்டி கட்டும் நாளில் ஒரு வீடு எப்படி இருக்கும் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். வாப்பா எடை பார்க்கும் தராசோடு நிற்பார். உம்மாவோ மாசிச் சம்பலையும் ஊறுகாயையும் இடியாப்ப மாவையும் எப்படியாவது உள்ளே வைத்துவிடப் பார்ப்பார். பெரியும்மா ஒரு தொழுகை விரிப்பைக் கொண்டுவந்து நீட்டுவார். எடை கூடிவிட்டதென்று பாதியை வெளியே எடுப்பதும், யாரும் பாராதபோது உம்மா அதை மீண்டும் உள்ளே வைப்பதுமாக இரவு கழியும்.

இவ்வளவையும் மறவாமல் வைக்கின்ற நாம் ஒரே ஒரு சொல்லை மட்டும் வைக்க மறந்துவிடுகிறோம். அந்த மறதியால் என் குடும்பத்தில் நேர்ந்ததை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். இதில் என் தவறும் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் தங்கையின் மகன் 2023 செப்டம்பரில் முதுகலைப் படிப்புக்காக லண்டன் சென்றான். இருபத்திரண்டு வயது. அதற்குமுன் சென்னையைத் தாண்டித் தனியாகச் சென்றறியாதவன். புறப்படும் நேரத்தில் மாமன் என்ற முறையில் அவன் தோளில் கைவைத்து, “தம்பி, நீ ஆண்பிள்ளை. எது வந்தாலும் தைரியமாக இரு. வீட்டிலுள்ளவர்களைக் கலங்க வைக்காதே” என்று சொல்லி அனுப்பினேன். நல்ல உபதேசம் செய்துவிட்டதாக எனக்கு மனநிறைவு வேறு!

போய்ச் சேர்ந்த இரவே அழைத்தான். “சுகமாக வந்து சேர்ந்தேன். அறை நன்றாக இருக்கிறது. சாப்பிட்டேன் உம்மா” என்றான். அல்ஹம்துலில்லாஹ் என்று வீடே மகிழ்ந்தது. மறுநாளும் அதே சொல், அதற்கடுத்த நாளும் அதே சொல்.

உண்மையில் நடந்தது வேறு. ஊரிலிருந்தபடியே இணையத்தில் ஓர் அறையின் படங்களைக் கண்டு, வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்ட எவனோ ஒருவனுக்கு முன்பணமாக 600 பவுன் அனுப்பியிருந்தான். விமானத்தை விட்டிறங்கி, இரண்டு பெட்டிகளையும் இழுத்துக்கொண்டு அந்த முகவரிக்குச் சென்று கதவைத் தட்டினால், திறந்தவருக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அந்த வீட்டில் வாடகைக்கு அறையே இல்லை. பணம் வாங்கியவனின் தொலைபேசி எண்ணும் பதில் சொல்லவில்லை. அன்றிரவு, ஓர் அறையில் எட்டுப்பேர் படுக்கும் மலிவான விடுதி ஒன்றைத் தேடிப்பிடித்து, பெட்டிகளைக் கட்டிலோடு சேர்த்துப் பூட்டிவிட்டுப் படுத்தான். பெரியும்மா கொடுத்த விரிப்பை விரிக்க இடமில்லாமல் படிக்கட்டின் அடியில் தொழுதான். பேரீச்சம்பழமும் ரொட்டியுமே அவனுடைய உணவு. ‘சாப்பிட்டேன்’ என்பது பொய்யல்லதான். ஆனால் அது உண்மையும் அல்லவே!

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காகக் கிழக்கு லண்டனில் ஒயிட்சேப்பல் சாலையிலுள்ள பெரிய பள்ளிவாசலுக்குச் சென்றிருக்கிறான். தொழுகை முடிந்து கூட்டம் கலைந்தது. போவதற்கு ஓர் இடமில்லாததால் இவன் மட்டும் ஒரு தூணருகே அமர்ந்திருந்தான். சில்ஹெட் பகுதியிலிருந்து பல்லாண்டுகளுக்கு முன் குடியேறிய வங்காள முதியவர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் சொல்லி, “மகனே, சாப்பிட்டாயா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஐந்து நாள்களாக உம்மாவிடம் தடுமாறாமல் பதில் சொல்லி வந்தவன், முன்பின் அறியாத அந்த மனிதரிடம் பதில் சொல்ல முடியாமல் தேம்பி அழுதுவிட்டான்.

அந்தப் பெரியவர் அவனுக்கு வயிறாரச் சோறு வாங்கிக் கொடுத்தார். பிறகு, “திங்கள்கிழமை காலையில் முதல் வேலையாக உன் பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவுக்குப் போ. உன்னைப் போன்றவர்களுக்காகத்தான் அந்த அலுவலகம் இருக்கிறது” என்றார். அந்த அலுவலகத்தின் வாசலை அவன் அந்த வாரத்தில் பலமுறை கடந்து சென்றிருக்கிறான்! உள்ளே சென்று கேட்டபோது, அன்று மாலைக்குள் மாணவர் விடுதியில் தற்காலிகமாக ஓர் அறை கிடைத்தது. வங்கிக்கும் காவல்துறைக்கும் புகார் எழுத உதவினார்கள். போன பணம் போனதுதான். ஆனால் அடுத்த வாரத்துக்குள் ஈஸ்ட்ஹாம் பகுதியில் நம்மவர் இருவரோடு சேர்ந்து தங்க இடம் அமைந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள்தான் என்னிடம் எல்லாவற்றையும் சொன்னான். “ஏனப்பா முதல் நாளே சொல்லவில்லை?” என்று கேட்டேன். “அது உம்மாவின் வளையல் விற்ற காசு, மாமா. அதோடு, வீட்டைக் கலங்க வைக்காதே என்று நீங்களும் சொன்னீர்களே” என்றான்.

வாசகர்களே! அந்தப் பதிலைக் கேட்டு நான் வாயடைத்துப் போனேன். நான் தைரியம் சொல்லி அனுப்பியதாக நினைத்தேன். அவனோ அதை வாய்ப்பூட்டாக எடுத்துச் சென்றிருக்கிறான்.

தங்கையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவளோ கலங்கவில்லை. “முதல் நாளே எனக்குத் தெரியும், காக்கா. சாப்பிட்டேன் என்றான், என்ன சாப்பிட்டான் என்று சொல்லவில்லை. வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்றும் கேட்கவில்லை. என் பிள்ளை அப்படிப்பட்டவனா?” என்றாள். “பிறகு ஏன் நீ கேட்கவில்லை?” என்றேன். “கேட்டால் அழுதுவிடுவான். நானும் அழுதால் அவன் அங்கே எப்படித் தாங்குவான்?” என்றாள். அவளுக்கு அந்த வாரம் முழுவதும் காய்ச்சல் என்பதும், அதை மகனிடம் மறைத்திருந்தாள் என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரு பக்கமும் அன்பு. இரு பக்கமும் மறைப்பு!

சற்று எண்ணிப் பாருங்கள். சபர் என்பது நம் சமுதாயத்துக்குப் புதியதன்று. நம் முன்னோர் கப்பலேறிக் கொழும்புக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்றவர்கள். 1819-இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத்தலம் அமைத்தனர். ஏழே ஆண்டுகளில், 1826-இல், நம் சூலியா முஸ்லிம்கள் அங்கே ஜாமிஆ பள்ளியை நிறுவிவிட்டனர். கரையிறங்கிய இளைஞனுக்குத் தொழ ஓர் இடமும், ‘நீ யார் மகன்?’ என்று கேட்க ஊர்க்காரர் ஒருவரும் இருந்தனர். கடிதம் வீடு வந்து சேர வாரக்கணக்கில் ஆனாலும், அவன் பசித்திருந்தால் யாரேனும் ஒருவர் கண்டுகொள்வார். இன்றைய மாணவனின் கையிலோ நொடியில் ஊரோடு பேசும் கருவி இருக்கிறது. ஆனால் அவன் முகத்தை நேரில் பார்க்கும் கண்கள் இல்லை. இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டும்.

லண்டனுக்குப் படிக்கச் சென்று முதல் நாள்களில் தவித்தவர்களில் காந்தியடிகளும் ஒருவர். 1888 செப்டம்பர் இறுதியில், 19 வயது நிரம்பாத இளைஞராக அவர் அங்கே இறங்கினார். அவர் மட்டும் வெள்ளை ஃப்ளானல் உடையில் நின்று வெட்கப்பட்டார். மது, மாது, மாமிசம் மூன்றையும் தொடுவதில்லை என்று தாயாருக்கு வாக்களித்திருந்ததால், சைவ உணவகம் ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை அரைவயிற்றோடு காலம் தள்ளினார். உணவகம் தேடி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்திருக்கிறார். இரவுகளில் தாயை நினைத்து அழுததையும், அந்தத் துயரை யாரிடமும் சொல்ல முடியாமல் தவித்ததையும் தம் சத்திய சோதனையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

ஆயினும் அவர் ஒன்றைச் சரியாகச் செய்தார். கப்பலை விட்டு இறங்கியதுமே, அறிமுகக் கடிதம் வைத்திருந்த டாக்டர் மேத்தாவுக்குத் தந்தி கொடுத்தார். அன்றிரவே மேத்தா தேடிவந்தார். அந்நாட்டுப் பழக்கவழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு அவர் தங்குவதற்கு வேறு இடத்துக்கும் வழி செய்தார். உதவி கேட்டதால் காந்தியடிகள் சிறுமைப்பட்டுவிடவில்லையே!

காந்தியடிகள் இறங்கிய மறு ஆண்டில், 1889-இல்தான், லண்டனுக்கு வெளியே வோக்கிங்கில் பிரிட்டனின் முதல் பள்ளிவாசல் கட்டடம் எழுந்தது. 2021 கணக்கெடுப்பின்படி லண்டன் மக்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் முஸ்லிம்கள். ஹலால் உணவுக்குப் பஞ்சமில்லை. தொழுகைக்கு அறை ஒதுக்கிய பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. ஈஸ்ட்ஹாமிலும் வெம்பிளியிலும் தோசையும் தமிழ்ப்பேச்சும் உண்டு. உணவு கிடைக்காத ஊரன்று அது. கூட உட்கார்ந்து உண்ண ஆள் கிடைக்கச் சில நாள்கள் ஆகும் ஊர், அவ்வளவே.

எனவே, செல்லவிருக்கும் தம்பி தங்கைகளுக்குச் சில சொற்கள்.

கண்ணால் காணாத அறைக்கு முன்பணம் அனுப்பாதீர்கள். முதல் சில வாரங்களுக்குப் பல்கலைக்கழக விடுதியையோ, நம்பகமான உறவினர் இல்லத்தையோ நாடுங்கள். வீட்டை நேரில் பார்த்த பின்பே பணம் கொடுங்கள். இங்கிலாந்துச் சட்டப்படி, வாடகை வீட்டுக்கான வைப்புத்தொகை பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது. அத்தொகையை உரிமையாளர் 30 நாள்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் சேர்க்கவும் வேண்டும். அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள்.

காய்ச்சல் வந்த பிறகு மருத்துவரைத் தேடாதீர்கள். சென்ற வாரத்திலேயே அருகிலுள்ள குடும்ப மருத்துவரிடம் பெயரைப் பதிவு செய்யுங்கள். பதிவுக்குக் கட்டணமில்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணத்தை முன்னதாகவே செலுத்திவிட்டதால், அது தர்மமன்று, உங்கள் உரிமை. முழுநேர மாணவர்க்கு நகராட்சி வரியிலிருந்து விலக்கு உண்டு என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

பேருந்தில் காசு வாங்கும் வழக்கம் 2014-உடன் நின்றுவிட்டது. அட்டையைத் தொட்டுத்தான் ஏற வேண்டும். சுரங்க ரயிலைவிடப் பேருந்துக் கட்டணம் குறைவு. மாணவர்க்கான ஆய்ஸ்டர் அட்டைக்கு விண்ணப்பித்தால், வார, மாதப் பயணச் சீட்டுகளில் நூற்றுக்கு முப்பது தள்ளுபடி கிடைக்கும்.

பட்டப்படிப்பு மாணவர் கல்விப் பருவத்தில் பொதுவாக வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். ‘யாருக்குத் தெரியப் போகிறது?’ என்று அதை மீறச் சொல்வோர் இருப்பர். மீறினால் விசாவுக்கே ஆபத்து.

இன்னொன்று: குளிரைவிட இருட்டு அதிகமாக வாட்டும். டிசம்பர் நடுவில் காலை 8 மணிக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை 4 மணிக்கு முன்பே மஃரிபு வந்துவிடும். அறைக்குள் முடங்கினால் மனம் சோர்ந்துவிடும். லுஹருக்கும் அஸருக்கும் ஜமாஅத்தைத் தேடி நடந்து செல்லுங்கள். தொழுகையும் நிறைவேறும், வெளிச்சமும் கிட்டும், நான்கு முகங்களும் பழக்கமாகும்.

இனி, பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்டால் ‘சாப்பிட்டேன்’ என்றுதான் பதில் வரும். ‘என்ன சாப்பிட்டாய்? யாரோடு சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். உங்கள் வீட்டுச் செய்தியையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘எனக்குக் காய்ச்சல், இப்போது தேவலை’ என்று உம்மா சொன்னால்தான், ‘எனக்கும் இங்கே கஷ்டம்’ என்று சொல்லப் பிள்ளைக்கு வாய் வரும். பணம் போய்விட்டது என்று அவன் சொன்னால், ‘எப்படி ஏமாந்தாய்?’ என்று கேட்காதீர்கள். ‘நீ எங்கே தங்கியிருக்கிறாய்?’ என்று முதலில் கேளுங்கள்.

நேரக் கணக்கையும் நினைவில் வையுங்கள். லண்டனைவிட நாம் கோடையில் நாலரை மணி நேரமும், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் ஐந்தரை மணி நேரமும் முந்தியிருக்கிறோம். செப்டம்பரில் நம்மூரில் பஜ்ரு பாங்கு ஒலிக்கும் வேளையில் அங்கே நள்ளிரவு. தூக்கம் வராத பிள்ளை விழித்திருக்கும் நேரம் அது. என் தங்கை இப்போது பஜ்ரு தொழுததும் மகனுக்கு ஒரு ஸலாம் அனுப்பி வைக்கிறாள். அவன் விழித்திருந்தால் பேசுவான், உறங்கினால் விடிந்தபின் பார்ப்பான்.

சென்ற ஆண்டு எங்கள் ஊரிலிருந்து இன்னொரு மாணவன் லண்டன் புறப்பட்டான். வழியனுப்பச் சென்ற நான் அவன் தோளில் கைவைத்தேன். ஆனால் பழைய உபதேசத்தைச் சொல்லவில்லை. “தம்பி, கஷ்டம் வந்தால் முதல் நாளே சொல். நாங்கள் கலங்கினால் கலங்கிவிட்டுப் போகிறோம். நீ தனியாகக் கலங்காதே” என்றேன். விமான நிலையத்தில் அவனை எதிர்கொண்டு அழைத்துச் சென்றது யார் தெரியுமா? என் தங்கை மகன்தான். முதலில் அவன் கேட்ட கேள்வி, “சாப்பிட்டாயா?” என்பதுதானாம். பதிலுக்குக் காத்திராமல் நேரே உணவகத்துக்கு அழைத்துச் சென்றுவிட்டானாம்.

சபரில் இருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக! ஆமீன். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.