புட்டியில் அடைத்த பச்சைத் தேநீர்



நம் விடுதி அறைகளில் பச்சைத் தேநீர்ப் புட்டிகள் பெருகிவிட்டன. உடலுக்கு நலம் செய்யும் பொருள் அதில் நிறைந்திருப்பதாகச் சீட்டு சொல்கிறது. ஊரில் வீட்டார் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி அனுப்பும் பணத்தை நாமும் நீட்டுகிறோம். சீட்டு சொல்வது இலையின் பெருமையா, புட்டியின் உண்மையா?

அப்பொருளுக்குக் கேட்டச்சின் என்று பெயர். பறித்த இலையை ஆவியிலோ வாணலியிலோ சூடேற்றி நொதியை அடக்குவதால் அது இலையில் தங்குகிறது. நீரில் கரைந்த பிறகோ கதை வேறு. பி.எச். 4க்குக் கீழான புளிப்பு நீரில் ஓரளவு நிலைக்கும். நடுநிலை நீரிலும் காரநீரிலும் விரைந்து சிதையும். நுண்ணுயிர்கள் அழிய 120 டிகிரிச் சூட்டில் காய்ச்சும்போது ஒரு பகுதி உருமாறுகிறது. கடையில் மாதக்கணக்காகக் கிடக்கையில் மேலும் குறைகிறது. வைட்டமின் சி சேர்ப்பதால் சிதைவு தாமதமாகுமே தவிர, நின்றுவிடாது.

ஆகவே, காலாவதி நாளில் எஞ்சியிருக்கும் அளவையே சீட்டில் அச்சிட வேண்டும் என்பேன். அதுவரை இலையாக வாங்குங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குடிக்கும் நேரத்தில் வடித்து, எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள். காலையில் வடித்த தேநீர் மாலைக்குள் பழுப்பேறுவதை நீங்களே காணலாம். புட்டிக்குள் நடப்பதும் மெல்ல அதுதான்!