வாஞ்சூருக்கு இந்தப் பக்கம் இல்லாத பாடம்



பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் காரைக்கால் மாணவி ஒருத்தி போன வாரம் என்னைப் பார்க்க வந்திருந்தாள். கையில் நாகூரில் இருக்கும் அத்தை மகளின் வேதியியல் புத்தகம். "இதுல 'திட நிலைமை'ன்னு ஒரு பாடம் இருக்கு சார். எங்க புத்தகத்துல ஏன் இல்ல?" என்று கேட்டாள்.

காரைக்கால் அரசுப் பள்ளிகளில் முன்பு தமிழ்நாட்டுப் பாடத்திட்டம்தான். சில ஆண்டுகளுக்கு முன் சி.பி.எஸ்.இ.க்கு மாறினோம். அதற்குப் புத்தகம் தயாரிக்கும் என்.சி.இ.ஆர்.டி., பாடச்சுமையைக் குறைக்க 2022இல் எடுத்துவிட்ட பாடங்களில் 'திட நிலைமை'யும் ஒன்று. வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டுப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இந்தப் பக்கம் இல்லை. சுமை குறையட்டும், சரி. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பாடத்துக்கு வேண்டிய பொருளெல்லாம் நம் ஊரிலேயே கிடக்கின்றன.

அவளிடம் ஒரு கல் உப்பைக் கொடுத்து உடைக்கச் சொன்னேன். சிதறிய துண்டுகளிலும் தட்டையான முகங்கள், செங்கோண விளிம்புகள். உப்புக்குள் சோடியமும் குளோரினும் மின்னூட்டம் பெற்ற அயனிகளாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசை கட்டி நிற்கின்றன. அடி விழுந்து ஒரு வரிசை நழுவினால் ஒரே மின்னூட்டம் கொண்டவை எதிரெதிரே வந்துவிடும். உடனே விலக்கம், கல் பிளக்கிறது. இந்த அடுக்கை 1913இல் எக்ஸ் கதிரால் கண்டு சொன்னவர் லாரன்ஸ் பிராக். ஒரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரின், ஒரு குளோரினைச் சுற்றி ஆறு சோடியம். 'இதுதான் ஓர் உப்பு மூலக்கூறு' என்று தனியே பிரித்துக் காட்ட உள்ளே எதுவும் இல்லை என்றபோது அன்றைய வேதியியலாளர் சிலரால் அதை ஏற்க முடியவில்லை. 1930இல் ராஜாஜி வேதாரண்யத்தில் சட்டத்தை மீறி அள்ளிய உப்புக்குள்ளும் இதே ஆறுக்கு ஆறு கணக்குத்தான். உப்பளப் பாத்தியில் வெயிலில் நீர் மெல்ல வற்ற வற்ற, அயனிகள் தாமே வந்து இடம் பிடித்துக்கொள்கின்றன. எனக்கு இது இன்றைக்கும் வியப்புதான்.

செம்பைத் தட்டினால் அது உடையாது, நெளியும். அங்கே அணுக்களுக்கு நடுவே எலக்ட்ரான்கள் தாராளமாக ஓடித் திரிகின்றன; வரிசை நழுவினாலும் பிடி விடுவதில்லை. கன்னார் சுத்தியலுக்குச் செம்பு இணங்குவதும், அதிலேயே மின்சாரம் ஓடுவதும் இதனால்தான்.

நம் அரசலாறு வரும் வழியில் கும்பகோணம், பக்கத்தில் சுவாமிமலை. அங்கே உலோகச் சிலை வார்க்க, தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து முதலில் மெழுகுச் சிலை செய்கிறார்கள். அந்தக் கலவை பனிக்கட்டிபோல் ஒரே வெப்பநிலையில் சட்டென்று உருகாது. கொஞ்சம் கொஞ்சமாக இளகும். உள்ளே முழுக்க ஒழுங்கான அடுக்கு இல்லாத திடப்பொருளின் குணம் அது. விரலுக்கு வளைந்து கொடுப்பதும் அந்த இளகலால்தான்.

கற்பூரம் நேர் எதிர். அதில் மூலக்கூறுகள் ஒழுங்காகத்தான் அடுக்கியிருக்கின்றன, ஆனால் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி மிக லேசு. உருகாமலே ஆவியாகிவிடும். கற்பூர டப்பாவில் நாலு மிளகு போட்டு வைப்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். உண்மையில் கற்பூரத்தைக் காப்பது இறுக்கமான மூடிதான்.

கடற்கரை மணலில் மின்னும் குவார்ட்ஸ் வேறு சாதி. சிலிக்கானும் ஆக்சிஜனும் முழுக் கல்லிலும் வலைபோலக் கைகோத்திருக்கின்றன. உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். மணலோடு சோடா உப்பும் சுண்ணாம்பும் சேர்த்தால் குறைந்த சூட்டிலேயே உருகும். குளிர்ந்தால் கண்ணாடி, அடுக்கு கலைந்த திடப்பொருள். பழைய சன்னல் கண்ணாடி கீழ்ப்பக்கம் தடித்திருப்பது அது மெல்ல வழிந்ததால் என்று நானும் படித்திருக்கிறேன். அது தவறு. அந்தக் காலத்தில் கண்ணாடியைச் சீரான தடிப்பில் செய்ய முடியவில்லை, அவ்வளவே.

இந்த விடுமுறையில் பிள்ளைகளோடு ஒன்று செய்து பாருங்கள். வெந்நீரில் கரையுமட்டும் உப்பைக் கரைத்து, தெளிந்ததை ஒரு தட்டில் ஊற்றி, ஆட்டாமல் வையுங்கள். இன்னொரு தட்டில் அதேபோல் படிகாரம். ஒரு வாரம் கழித்து உருப்பெருக்கியில் பாருங்கள். உப்பில் சதுர முகங்கள் தெரியும். படிகாரத்தில் என்ன வடிவம் வந்தது என்று பிள்ளைகள் கையாலேயே வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த இதழில் ஒரு பக்கம் அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்