பாதையோடு நிற்கட்டும் சக்கரம்

இயற்கையைக் காணப் புறப்படும் மனிதன் அதை அழிக்கும் எண்ணத்தோடு புறப்படுவதில்லை, அன்போடுதான் செல்கிறான். ஆனால் அளவு கடந்தால் அன்பும் சுமையாகும் என்பதற்கு ஐஸ்லாந்து இன்று சான்றாக நிற்கிறது.

வட அட்லாண்டிக் கடலில், ஆர்க்டிக் வட்டத்தை ஒட்டிக் கிடக்கும் சிறிய தீவு நாடு அது. மக்கள் சுமார் 4 இலட்சம் பேரே. 2018 ஆம் ஆண்டில் அங்கு வந்த வெளிநாட்டுப் பயணிகளோ 20 இலட்சத்திற்கும் மேல்! அவர்களுள் பெரும்பாலோர் வாடகைக் காரில் நாட்டைச் சுற்றுகின்றனர்.

தீவைச் சுற்றி வளைய வரும் 1300 கிலோமீட்டர் நெடுஞ்சாலை 1974 இல்தான் முழுமை பெற்றது. தென்கிழக்கில், பனியாறுகளிலிருந்து உருகிப் பாயும் ஆறுகள் அதுவரை வழிமறித்து நின்றன. பாலங்கள் எழுந்தன, சாலை இணைந்தது. 1996 இல் வாட்னயோக்குல் பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்தது. உருகித் தேங்கிய நீர் திடீரெனப் புரண்டு வந்து, பாலங்களைச் சிதைத்துச் சென்றது. மனிதன் போட்ட சாலை இயற்கையிடம் இரவல் வாங்கியதே என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலுமோ?

அச்சாலையில் செல்வோர் காணும் காட்சிகள்தாம் எத்தனை! 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் செல்யாலாண்ட்ஸ்ஃபோஸ் அருவியின் பின்புறமாகவே நடந்து வரலாம். ரேனிஸ்ஃபியாராவில் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான கருங்கல் தூண்களும், கரிய மணற்கரையும் உண்டு. யோக்குல்சார்லோன் ஏரியில் பனிக்கட்டிகள் மிதந்து கடலை நோக்கிச் செல்கின்றன. ஆனால் அவ்வேரி பனிப்பாறை பின்வாங்கிப் பின்வாங்கி விட்டுச் சென்ற பள்ளம். நாம் வியக்கும் அழகே ஓர் இழப்பின் அடையாளம்! ஓக் என்னும் பனிப்பாறை 2014 இல் அத்தகுதியையே இழந்தது. 2019 இல் அதற்கு நினைவுப் பலகை வைத்தனர்.

அப்படியானால் காரே கூடாதா? அங்ஙனம் கூறுவது பொருந்தாது. சிற்றூர் மக்களுக்கு அச்சாலையே உயிர்நாடி. ஆனால் சக்கரம் சாலையை விட்டு இறங்கலாகாது. எரிமலைப் பாறைமேல் மெத்தெனப் படர்ந்திருக்கும் பாசியில் ஒருமுறை பதிந்த சக்கரத் தடம் மறையப் பல பத்தாண்டுகள் ஆகும். ஆகவேதான் சாலைக்கு வெளியே வண்டி ஓட்டுவதை அந்நாட்டுச் சட்டம் தடுக்கிறது. ஒரு பாடற்காட்சியால் புகழடைந்த ஃபியத்ரார்கிலூஃபர் பள்ளத்தாக்கை, காண வந்தோரின் காலடியிலிருந்து காக்க 2019 இல் மூடவே நேர்ந்தது.

சட்டம் மட்டும் போதுமா? குல்ஃபோஸ் அருவியை மின்சாரத்திற்காக அணையிட அந்நியர் முனைந்தபோது, சிக்ரிதுர் தோமஸ்தோத்திர் என்னும் உழவர் குலப் பெண் எதிர்த்து நின்றார். தலைநகருக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் நடந்தார். நீதிமன்றத்தில் அவருக்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் திட்டம் கைவிடப்பட்டது. 1979 இல் அருவி பாதுகாக்கப்பட்ட பகுதியாயிற்று. அருவியைக் காப்பதற்காக நடந்த கால்கள் அவை. அருவியைக் காண்பதற்காகவேனும் நாம் சிறிது தூரம் நடக்கலாகாதா?

நண்பர்களே! எந்த நாட்டு மலைக்குச் சென்றாலும் பாதை முடியுமிடத்தில் வண்டியை நிறுத்துவோம். அதற்கப்பால் இருப்பது நமக்குப் பின் வருவோரின் பங்கு.