வயசைப் பார்க்காதீங்க, கூரையைப் பாருங்க!

1/ வீட்டு இன்சூரன்ஸ் மாத்தறது சிம் கார்டு மாத்தற மாதிரின்னு பலர் நினைக்கறாங்க. பிரீமியம் குறைவா? மாறிடு. அவ்வளவு சுலபம் இல்லைங்க. ஃப்ளோரிடாவில் வீடு வாங்கியிருக்கும் நம்ம ஆட்களுக்கும், ஊரில் இருந்து கவலைப்படும் அவங்க குடும்பத்துக்கும் இந்த த்ரெட். கடைசியில் இங்கே இருக்கும் நமக்கும் ஒரு விஷயம் இருக்கு.

2/ என் அக்கா வீடு அங்கேதான். கூரைக்கு 17 வயசு, ஒரு சொட்டு ஒழுகியதில்லை. இந்த வருஷம் பழைய கம்பெனி பிரீமியத்தை ஏத்திடுச்சு. வேறு கம்பெனியில் கேட்டால் முதல் கேள்வியே "கூரை போட்டு எத்தனை வருஷம்?" பதில் சொன்னதும், "புதுசு போட்டுட்டு வாங்க". ஒருத்தர்கூட ஏணி வைத்து ஏறிப் பார்க்கலை.

3/ நம்ம ஊர் கான்கிரீட் மொட்டைமாடி மாதிரி இல்லை. அங்கே பல வீடுகளில் மரப்பலகை மேல் தார் கலந்த ஷிங்கிள் அட்டைகளை ஆணியடித்து வைப்பாங்க. வெயிலில் காய்ந்துபோனால் புயலில் பிய்த்துக்கொண்டு போகும். கூரை போனால் மழை நேரா வீட்டுக்குள். அதனால் கம்பெனியின் பயத்தில் நியாயம் இருக்கு. இயன் புயல் அடித்த 2022-ல் அந்த மாநிலத்தில் பல வீட்டு இன்சூரன்ஸ் கம்பெனிகள் திவாலாயின.

4/ ஆனா, வயசு என்பது நோய் கிடையாது. 72 வயசு விவசாயி மூணு மாடி ஏறி வந்து மூச்சு வாங்காம பேசுவார். 45 வயசில் புகைப் பழக்கத்தால் முதல் மாடியிலேயே உட்கார்ந்துவிடுபவரும் உண்டு. ஆதாரில் பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து "உங்களுக்கு ஆபரேஷன் தாங்காது"ன்னு நான் எழுதிக் கொடுத்தா, நீங்க ஒத்துக்குவீங்களா?

5/ ஃப்ளோரிடா சட்டமே இதைத்தான் சொல்லுது. 2022 மே மாதம் வந்த சட்டப்படி, 15 வயசுக்குக் குறைவான கூரையை வயசை மட்டும் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. 15-ஐத் தாண்டியிருந்தால், தகுதியுள்ள ஆளை வைத்துப் பரிசோதிக்க உங்களுக்கு வாய்ப்பு தரணும். இன்னும் 5 வருஷமாவது தாங்கும்னு அறிக்கை வந்தால், வயசை மட்டும் சொல்லி மறுக்க முடியாது.

6/ அக்கா பரிசோதனை செய்து அறிக்கை வாங்கினாங்க. 6 வருஷம் தாங்கும்னு வந்தது. "புதுசு போடுங்க"ன்னு சொன்ன அதே கம்பெனி, பழைய கம்பெனியைவிடக் குறைந்த விலையில் பாலிசி தர சம்மதிச்சது. கதை முடிஞ்சதா? இல்லை.

7/ உள்ளே ஒரு வரி: கூரைக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம். கணக்கு போட்டுப் பாருங்க. புதுக் கூரைக்கு 20,000 டாலர், ஆயுள் 20 வருஷம் என்று வைங்க. 15 வருஷம் ஓடிவிட்டால் மிச்ச மதிப்பு 5,000. புயல் சேதத்தில் நம்ம கைக்காசாகப் போட வேண்டிய பங்கு வீட்டின் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். 4 லட்சம் டாலர் வீட்டுக்கு 8,000. கூரை மட்டும் பறந்தால் கிடைப்பது? பூஜ்யம்.

8/ பிரீமியம் ஏன் குறைவுன்னு இப்போ புரியுதா? அக்கா மாறலை. முழு மாற்றுச் செலவு தரும் பழைய பாலிசியையே, கூடுதல் காசு கட்டி வைத்துக்கொண்டாங்க. சரியான முடிவு.

9/ மாத்தியே ஆகணும்னா மூணு விஷயம்:
புது பாலிசி கைக்கு வரும்வரை பழையதை ரத்து செய்யாதீங்க. இடைவெளி விட்டால், கடன் கொடுத்த வங்கியே ஒரு பாலிசி எடுத்து உங்க தலையில் கட்டும். விலை அதிகம், பாதுகாப்பு பெரும்பாலும் வங்கிக்குத்தான்.
புயல் நெருங்கும்போது புது பாலிசி தருவதை நிறுத்திடுவாங்க. அதுக்கு முன்பே முடிங்க.
பாலிசி வந்த பிறகும் வீட்டைப் பார்த்துவிட்டு ரத்து செய்ய முடியும். அதனால் பரிசோதனை அறிக்கையை முன்கூட்டியே கொடுத்துடுங்க.

10/ இப்போ நம்ம கதை. அந்தக் கூரையின் இடத்தில் உங்க அப்பாவின் உடம்பை வைத்துப் பாருங்க. மெடிக்கல் இன்சூரன்ஸைப் போர்ட் செய்தால், ஏற்கெனவே முடித்த காத்திருப்புக் காலம் கூடவே வரும். ஆனா புது கம்பெனி சர்க்கரை, பிரஷர் விவரமெல்லாம் பார்த்து மறுக்கலாம். பழைய தொகைக்கு மேல் கூட்டினால், கூட்டின பகுதிக்குக் காத்திருப்பு புதுசா ஆரம்பிக்கும். 'ரெனியூவலுக்கு இன்னும் நாலு நாள் இருக்கே'ன்னு இருக்காதீங்க, 45 நாள் முன்னாடியே விண்ணப்பிங்க.

11/ என் கருத்து இதுதான். வீடோ உடம்போ, மறுக்கும் உரிமை கம்பெனிக்கு இருக்கட்டும். ஆனா பார்த்துட்டு மறுக்கணும். வயசைக் கேட்டுட்டு போனை வைப்பது பரிசோதனை ஆகாது.

12/ நம்ம பக்கம் ஒரு கடமை இருக்கு. ஏஜெண்டிடம் "எவ்வளவு குறையும்?"னு மட்டும் கேட்காதீங்க. "எதைக் குறைச்சதால விலை குறைஞ்சது?"ன்னு கேளுங்க. பதிலை வாய்வார்த்தையா விட்டுடாம, எழுத்தில் வாங்குங்க.