பொருந்திவிட்டால் போதுமா?

கண்டியில் பழைய கார் புதுப்பிப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பம்பர் வெறும் முகப்பு அலங்காரமாம். ஒரே ரக வண்டிக்கு எந்த ஆண்டுப் பம்பரும் சேருமாம். பளிச்சென்று மினுங்கினால் அதுவே ஒரிஜினலாம். பேராதனை வீதியிலும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்திலும் இதை மறுத்துப் பேசுகிறவர்கள் அரிது. இந்த நம்பிக்கை பிழையானது. அதனால் நேரும் சேதத்தைப் பிறகு யாராலும் சரிசெய்ய முடியாது.

மொரிஸ் மைனரையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் டாக்டர்மாரும் ஆசிரியர்மாரும் ஆண்டுக்கணக்காக ஓட்டிய வண்டி. 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சிக்கு அது வருவதற்குச் சற்று முன்னர்தான், வண்டி ஒடுங்கிக் கிடக்கிறதே என்று அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸுக்குப் பட்டது. மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி விலக்கிப் பார்த்து, நான்கு அங்குலத்தில் நிறுத்தினார். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலம்தான். 1971இல் உற்பத்தி நிற்கும்வரை அது இருந்தது. ஆனால் பம்பர்கள் பழைய அளவில் ஏற்கெனவே தயாராகிவிட்டிருந்தன. அவற்றை நடுவில் வெட்டி, இடையில் ஒரு தகட்டை வைத்து இணைத்தே முதல் வண்டிகளுக்குப் பூட்டினார்கள். பிறகு ஒரே துண்டுப் பம்பர் வந்தது. ஆகவே நடுவில் இணைப்புள்ள பம்பர், அந்த வண்டி முதல் வரிசையில் பிறந்தது என்பதற்குச் சாட்சி.

அந்த இணைப்பை இங்கே காண்கிறவர் என்ன நினைப்பார்? எங்கோ அடிபட்டு, யாரோ பாஸ் ஒட்டுப்போட்டிருக்கிறார் என்றுதான். பம்பர் பழைய இரும்புக்குப் போகும். புதிதாக வாங்கிய ஒற்றைத் துண்டு ஏறும். வண்டியின் மிக அரிய பாகத்தைக் காசு கொடுத்துக் கழற்றி எறிவது இது.

வொக்ஸ்வேகன் பீட்டிலில் பிழை இன்னும் வெளிப்படை. 1967 ஓகஸ்ட்டில் மெல்லிய வளைந்த பம்பர் போய், தடித்த சதுரப் பம்பர் வந்தது. அது உயரமாக நின்றதால் முன்மூடியையும் பின்மூடியையும் குட்டையாக்க வேண்டியிருந்தது. அந்தப் பம்பரைப் பழைய உடம்பில் ஏற்றுவதென்றால் தாங்கியை மாற்ற வேண்டும், மட்கார்டையும் வெட்ட வேண்டும். வண்டியின் காலத்தை அதன் இலக்கத்தகடும் காட்டிக்கொடுக்கும். சிங்கள ஸ்ரீ இலக்கத்தகடு வந்தது 1957இல். அதற்கும் முந்திய ஆங்கில எழுத்து இலக்கத்தோடு நிற்கும் ஒரு பீட்டிலில் சதுரப் பம்பரைப் பூட்டினால், இலக்கம் சொல்லும் காலம் ஒன்று, பம்பர் சொல்லும் காலம் வேறொன்று.

கிடைத்ததைப் பூட்டித்தானே இத்தனை காலம் ஓடினோம் என்பார்கள். உண்மை. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்தபோது, கைக்குக் கிடைத்ததைக் கொண்டு வண்டியைச் சாகவிடாமல் காத்த பாஸ்மார்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். அவர்கள் எவரும் அதை ஒரிஜினல் என்று சொல்லி விற்கவில்லை. 1977க்குப் பிறகு அந்த நெருக்கடியும் தளர்ந்தது. இன்று இலட்சக்கணக்கில் செலவழிக்கிறவருக்கு அதே சாக்கு பொருந்தாது.

மினுக்கமும் சாட்சியாகாது. குரோம் பூச்சு மிக மெல்லியது. நாம் காணும் பளபளப்பில் பெரும்பகுதி அடியிலுள்ள நிக்கலுடையது. இப்போது விற்கும் மாற்றுப் பம்பர்கள் பல, துருப்பிடிக்காத எஃகில் செய்தவை. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காந்தம் இழுக்காது. பழைய உருக்குப் பம்பரை இழுக்கும். ஒரு சின்னக் காந்தத்தோடு போனால், விற்பவரின் வாய்ப்பேச்சை நம்பத் தேவையில்லை. கண்டி மழையில் துருவேறிய பம்பரும் பெரும்பாலும் செத்துப்போனதல்ல. நெளிவெடுத்து, பழைய பூச்சை நீக்கி, செம்பு, நிக்கல், குரோம் என்று வரிசையாகப் பூசினால் மீளும். ஆனால் பொளிஷ் போடுகிறவர் அளவுக்கு மீறித் தேய்த்தால் விளிம்பும் துளைகளும் உருக்குலைந்துவிடும். அதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பழைய பம்பரைக் கழற்றினால் முதலில் திருப்பிப் பின்புறத்தைப் பாருங்கள். இணைப்பையும் துளைகளையும் தாங்கியின் வடிவத்தையும் படமெடுத்து, அதே ஆண்டு வண்டியோடு ஒப்பிடுங்கள். அதுவரை பழைய இரும்பு வாங்குகிறவர் வாசலுக்கு வந்தால், அதைக் கொடுக்காதீர்கள்.