பழைய கணினிக்குப் புதிய விளையாட்டு

துறைமுகத்தை அண்டி வாழ்வோர்க்கு இரும்பின் ஆயுளைப் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. யன்னற் கம்பி, சைக்கிள் சங்கிலி, கூரைத் தகட்டின் ஆணி ஆகிய யாவும் உப்புக் காற்றுக்கு இரையாவதை நாடோறும் காண்கின்றோம். ஆயினும், அதே காற்று மேசைமேல் இருக்கும் கணினியின் வயிற்றினுள்ளும் புகுந்து வேலை செய்கின்றதென்பதை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கணினி சற்றே தளர்ந்தால், "பழசாகிவிட்டது" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறிவிட்டு, கொழும்புக்குப் போகும் இரவு பஸ்ஸில் ஆசனம் பதிவு செய்யத் தொடங்கிவிடுகின்றனர்.

உட்துறைமுக வீதிப் பக்கத்திலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எமக்கு எழுதிய கடிதம் இப்பொருளை எடுத்துப் பேசத் தூண்டியது. அவர் வீட்டிலுள்ளது ஏதோவொரு வெளிநாட்டு அலுவலகத்திற் கழித்து விடப்பட்டு, பாவித்த பொருளாக இலங்கைக்கு வந்து சேர்ந்த டெல் ஒப்டிபிளெக்ஸ் கணினி. சிறிய பெட்டி வகை. உள்ளே நான்காந் தலைமுறை இன்ரெல் ஐ-5, 8 ஜிகாபைற் நினைவகம், சுழலும் வன்தட்டு. 'ஜி.ரி.ஏ. 5' விளையாட்டை அதில் ஓட்டினால் படம் தத்தித் தத்தி நடக்கின்றதாம். தாயார் தமக்கு விழுந்த சீட்டுப் பணத்தில் 50,000 ரூபா தரச் சம்மதித்துள்ளார். கொழும்பிற் பாவித்த ஆர்.எக்ஸ். 580 கிராபிக்ஸ் அட்டை ஒன்று மலிவாக அகப்படுகின்றது. வாங்கிப் பூட்டலாமா என்பது கேள்வி. கடிதத்தின் அடியில், ஏதோ உபரிச் செய்தி போல ஒரு வரி: அக்கா பல்கலைக்கழகப் பாடங்களைப் படிப்பதும் இதே கணினியிலேதான்.

எமக்கு அக்கடைசி வரியே முதன்மையானதாகப் படுகின்றது. தம்பியின் விளையாட்டுக்காகச் செய்யும் வேலையால் தமக்கையின் படிப்பு நின்றுவிடுமாயின், அச்சீட்டுப் பணம் போனது மாத்திரமன்று நட்டம். ஆதலின், கேட்ட கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகின்றோம். தம்பி, அந்த அட்டையை வாங்க வேண்டாம்.

காரணத்தைக் கணக்காகவே காட்டலாம். ஆர்.எக்ஸ். 580 என்பது 2017 இல் வெளிவந்த அட்டை. முழு வேகத்தில் ஓடுகையில் அது 185 வாற்று மின்வலுவைக் கேட்கும். மதர்போட்டில் அட்டை பூட்டும் வாய் 75 வாற்றுக்கு மேற் கொடுப்பதில்லை. மீதி 110 வாற்று மின்வழங்கிப் பெட்டியிலிருந்து தனிக் கம்பி வழியாக வரவேண்டும். இந்தச் சிறிய அலுவலகக் கணினியின் மின்வழங்கி முழுவதுமே 255 வாற்று. அதில் கிராபிக்ஸ் அட்டைக்கெனத் தனிக் கம்பியே இல்லை. "அதற்கென்ன, வன்தட்டுக் கம்பியை மாற்றிப் பூட்டும் இணைப்பி இருக்கின்றதே" என்று விற்பவர் சொல்வார். வன்தட்டின் சாட்டா மின்முனை 12 வோல்ற்றில் நாலரை அம்பியர் தாங்கும். பெருக்கினால் 54 வாற்று. ஐம்பத்து நான்கைத் தாங்கும் முனையில் நூற்றுப் பத்தை இழுத்தால் பிளாஸ்ரிக் உருகும், தீயும் பிடிக்கலாம். பெரிய மின்வழங்கி வாங்கி மாற்றுவோமென்றால், டெல் இத்தகைய கணினிகளில் வைத்த மின்முனை தனி வகை. பெட்டியின் அளவும் தனி வகை. கடையில் விற்கும் சாதாரண மின்வழங்கி அதற்குள் அடங்காது.

கொட்பே வழியாகக் கடலுக்குப் போகும் மீனவர் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். ஒன்பது குதிரை வலுவுக்கென அமைந்த வள்ளத்தின் பின்பலகையில் நாற்பது குதிரை வலுவுள்ள வெளியிணைப்பு இயந்திரத்தைப் பூட்டுவாரா? இயந்திரம் மலிவாகக் கிடைத்ததென்பது வள்ளத்துக்குத் தெரியாது.

மேலும், இவ்வட்டைகள் ஏன் மலிந்தன என்பதும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. எதீரியம் என்னும் மின்னியல் நாணயத்தை உருவாக்குவதற்கெனப் பலர் கிராபிக்ஸ் அட்டைகளை வரிசை வரிசையாக அடுக்கி, இரவும் பகலும் ஓட்டிக்கொண்டிருந்தனர். 2022 செப்ரெம்பர் 15 ஆந் திகதி அந்நாணயத்தின் முறை மாற்றப்பட்டது. அன்றுடன் அவ்வேலைக்கு அட்டைகள் தேவையற்றுப் போயின. தேவையற்றவை சந்தைக்கு வந்தன. அவ்வாறு உழைத்த அட்டைகள் யாவும் கெட்டவை என்று சொல்லமாட்டோம். ஆயினும் விசிறி தேய்ந்தும், வெப்பப் பசை காய்ந்தும் போயிருக்கும். போதாக்குறைக்கு, 2,304 கணிப்பு மையங்கள் இருக்க வேண்டிய 580 என்ற பெயரிலேயே 2,048 மட்டும் உள்ள வேறோர் அட்டையும் 2018 முதல் உலவுகின்றது. பெயர் ஒன்று, ஆள் வேறு.

சரி, ஐம்பதாயிரத்தை என்ன செய்வது?

நோயறியாமல் மருந்து வாங்குதல் கூடாது. விளையாட்டை ஓடவிட்டு, கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால், செயலி, நினைவகம், தட்டு, கிராபிக்ஸ் என்பவற்றில் எது நூறு சதவீதத்தில் மூச்சு முட்டி நிற்கின்றதென்று கணினியே காட்டும். காசு செலவில்லாத பரிசோதனை இது. எமக்கு எழுதிய மாணவரின் வீட்டில் எது குற்றவாளி என்பதை அங்கு போகாமலே ஓரளவு ஊகிக்கலாம். ஜி.ரி.ஏ. 5 கணினிக்கு வெளிவந்தது 2015 ஏப்ரலில். (2025 இல் வந்த மெருகேற்றிய பதிப்பை இங்கு பேசவில்லை.) அதனைச் செய்தோர் பரிந்துரைத்தவை மூன்றாந் தலைமுறை ஐ-5, 8 ஜிகாபைற் நினைவகம், 2 ஜிகாபைற் கொண்ட ஜி.ரி.எக்ஸ். 660 அட்டை என்பனவாம். முதலிரண்டும் தம்பியிடம் உள்ளன. மூன்றாவது இல்லை, செயலியோடு ஒட்டிப் பிறந்த சிறு கிராபிக்ஸ்தான் அவ்வளவு பாரத்தையும் சுமக்கின்றது. ஆகவே அட்டை வேண்டும் என்ற அவரது முடிவு பிழையன்று. தெரிந்தெடுத்த அட்டைதான் பொருந்தாதது.

வீட்டுக்குப் பொருந்தும் அட்டை எது? மதர்போட் வாய் தரும் 75 வாற்றுக்குள் அடங்குவது எதுவோ அது. 2016 இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1050 ரி.ஐ., 2019 இல் வந்த ஜி.ரி.எக்ஸ். 1650 ஆகிய இரண்டும் அவ்வெல்லைக்குள் அமைந்தவை. 4 ஜிகாபைற் நினைவகம் உடையவை. மேற்சொன்ன 660 ஐ விட வேகமானவை. இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இவற்றைச் செய்த கம்பெனிகள் சில, வேகத்தைச் சற்றே கூட்டித் தனி மின்முனையும் வைத்து விற்றன. மின்முனை இல்லாததையே கேட்டு வாங்க வேண்டும். பெட்டி சிறியதாகையால் உயரங் குறைந்த அட்டையாகவும் இருத்தல் வேண்டும். கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து, நீளம், உயரம், பக்கத்தில் உள்ள இடைவெளி ஆகிய மூன்றையும் அடிமட்டத்தால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இங்கிருந்து கொழும்பு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். அரை அங்குலம் பிழைத்ததற்காக இன்னொரு முறை போய்வருவது யாரால் ஆகும்?

பம்பலப்பிட்டியில் யூனிற்றி பிளாசாக் கட்டடம் முழுதும் கணினிக் கடைகள் நிறைந்திருப்பதை நேயர்கள் அறிவர். அங்கோ, நமது ஊர்க் கடையிலோ, தனியாரிடமோ, எங்கு வாங்கினும் பாவித்த அட்டையை விற்பவர் முன்னிலையிலேயே ஓடவிட்டுப் பார்த்தல் வேண்டும். ஜி.பி.யூ.-ஸெட் என்றோர் இலவச மென்பொருள் உண்டு. அட்டை இன்னதென்று அது சொல்லும். பழைய அட்டைகளுக்கு 1050 ரி.ஐ. என்ற முகமூடி இட்டு விற்கும் மோசடியும் உலகில் நடந்திருக்கின்றது. அம்முகமூடியையும் அது பெரும்பாலும் கழற்றிவிடும். பின்னர் இருபது நிமிடம் ஒரு விளையாட்டை ஓட்டுங்கள். ஓட்டிக் காட்ட மறுப்பவரிடம் வாங்குதல் ஆகாது. விலைகளை நாம் இங்கு அச்சிடவில்லை. 2022 இல் ஒரு டொலர் 200 ரூபா அளவிலிருந்து சில வாரங்களில் 360 வரை ஏறிய நாட்டில், பத்திரிகை கைக்கு வருமுன் விலை மாறிவிடும்.

அடுத்தது வன்தட்டு. சுழலும் தட்டு செக்கனுக்கு 100 முதல் 150 மெகாபைற் வரை வாசிக்கும், எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத் தட்டு, சாட்டா வகையாயினும், ஐந்நூறைத் தாண்டும். உள்ளதைச் சொன்னால், இதனால் விளையாட்டின் படவோட்டம் பெரிதாகக் கூடாது. விளையாட்டுத் திறக்கும் நேரம் குறையும். கணினி விழிக்கும் நேரமும் வெகுவாகக் குறையும். அக்காவின் பாடத்துக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. சீட்டுக் கட்டியவர் தாயார். பயன் வீட்டார் அனைவர்க்கும் போய்ச் சேர வேண்டுமன்றோ?

நினைவகத்தை என்ன செய்வது என்பீர்கள். இக்கணினிக்கு உரியது டி.டி.ஆர். 3 என்னும் பழைய வகை. அதில் இப்போது பணம் போட வேண்டாமென்பது எம் கருத்து. ஏனெனில் இக்கணினியின் நாட்கள் எண்ணப்பட்டவை. வின்டோஸ் 10 க்கு மைக்ரோசொஃப்ற் இலவசமாக அளித்துவந்த ஆதரவு 2025 ஒக்ரோபர் 14 உடன் முடிந்தது. வின்டோஸ் 11 முறைப்படி ஏற்கும் இன்ரெல் செயலிகள் எட்டாந் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. ஆகவே ஓரிரு ஆண்டில் எட்டாந் தலைமுறைக் கணினி ஒன்றைப் பாவித்ததாகவேனும் வாங்கத்தான் வேண்டியிருக்கும். இன்று வாங்கும் அட்டையும் எஸ்.எஸ்.டி.யும் அன்று புது வீட்டுக்குக் கூடவே குடிபெயரும். நினைவகம் பெயராது, அங்கு வேண்டுவது டி.டி.ஆர். 4. செயற்கை நுண்ணறிவுத் தரவு நிலையங்கள் நினைவகத்தை மொத்தமாக அள்ளிக்கொள்வதால், 2025 இன் பிற்பகுதியில் புதிய நினைவகங்களின் விலை உலகெங்கும் ஏறியதையும் மனத்திற் கொள்க. ஆதலால், எட்டாந் தலைமுறைக் கணினியைத் தேடும்போது நினைவகத்துடன் கூடியதையே பார்க்க வேண்டும்.

இனி, ஒரு சதமும் செலவில்லாத இரண்டு வேலைகள். பலர் இவற்றைக் கடைசியாகச் செய்வர். நாம் முதலிற் செய்யச் சொல்வோம்.

ஒன்று திரை. முழு எச்.டி. எனப்படும் 1920 க்கு 1080 திரையில் ஏறக்குறைய இருபது இலட்சத்து எழுபத்து மூவாயிரம் புள்ளிகள். 1280 க்கு 720 என்று விளையாட்டின் அமைப்பிற் குறைத்தால் ஒன்பது இலட்சத்து இருபத்தோராயிரம். வரைய வேண்டியது பாதிக்கும் குறைவாகிவிடுகின்றது. வீட்டில் உள்ளது 1366 க்கு 768 பழைய திரையாயின், அதனைக் குறையென எண்ணற்க. சிறிய அட்டை போதுமானதாவதற்கு அதுவே காரணமாகின்றது. இப்பணத்திற் புதிய திரை வாங்குவது, அட்டையின் பாரத்தைக் காசு கொடுத்துக் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

மற்றது துப்புரவு. சோற்றுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைக் கடந்ததும் நீரைத் தானே இழுத்துக் கரையும். கடலுப்பில் உள்ள மகனீசியம் குளோரைட்டுக்கு அவ்வளவு ஈரமும் வேண்டியதில்லை. மாரியில் அடுப்படி உப்புச் சாடி கசிவது இதனாலேயே. கணினியினுள் படிந்த தூசியிலும் அவ்வுப்பு உண்டு. கரைந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். வைகாசியிலிருந்து வீசும் கச்சான் காற்றோ உலர்ந்தது. அது கொண்டுவருவது புழுதி. (கச்சான் என்றதும் கடலைச் சரையை நினைக்கும் சிறுவர்கள் மன்னிக்க.) கச்சானிற் புழுதி, வாடையில் உப்பீரம் என ஆண்டு முழுதும் நமது கணினிகளுக்கு ஓய்வில்லை. விசிறியும் வெப்பந் தாங்கியும் அடைபட்டால் செயலி சூடேறும். சூடேறினால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். "பழசாகிவிட்டது" என்பதிற் பாதி இதுதான்.

மின்கம்பியைக் கழற்றிவிட்டு, உலர்ந்த மெல்லிய தூரிகையால் தூசியை நீக்குங்கள். விசிறி இதழை விரலாற் பிடித்துக்கொண்டு துடையுங்கள். செயலியின்மேல் உள்ள காய்ந்த வெப்பப் பசையை வழித்து, கடலையளவு புதிதாக வையுங்கள். சிறு குழாய் ஒன்று பல தடவைக்குப் போதும். நினைவகத்தின் பொன்னிற முனைகளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்துத் திரும்பப் பூட்டினால், காரணமின்றி நின்றுபோகும் கணினிகள் சில எழுந்து நடப்பதைப் பார்த்திருக்கின்றோம். முன்பு ஆண்டுக்கொரு முறை செய்தவர்கள் துறைமுகப் பக்கத்தில் இரு முறை செய்வது நன்று: கச்சான் ஓய்ந்தபின் ஒன்று, மாரி முடிந்தபின் ஒன்று.

பிள்ளைகள் கணினியில் விளையாடுவதே வீண் என்று கருதும் தந்தையர்க்கும் ஒரு சொல். 2023 இல் சீனத்து ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுகளுக்கும் பதக்கம் வழங்கப்பட்டது. அதற்காக வீட்டுக்கொரு வீரன் பிறப்பான் என்று நாம் சொல்லவில்லை. இரவிரவாக விழித்திருந்து வகுப்பில் தூங்குவோரையும் நாம் காணாதவர் அல்லோம். ஆயினும், பெட்டியைத் திறந்து, அளந்து, வாற்றைப் பெருக்கிப் பார்த்து, பொருத்தமானதைத் தேடி வாங்கும் பிள்ளை அவ்விரு வாரத்தில் பௌதிகவியலில் ஓர் அலகைக் கற்றுவிடுகின்றது. தந்தையார் பக்கத்தில் இருந்து திருகாணியை எடுத்துக் கொடுக்கலாம்.

மின்சாரக் கட்டணத்தையும் அவர் கணக்குப் பார்க்கட்டும். அட்டை கூடுதலாக 75 வாற்று, நாளுக்கு இரண்டு மணி நேரம், முப்பது நாள்: மாதத்துக்கு நாலரை அலகு. பெரிதன்று. ஆனால் நமது கட்டணம் படிமுறையானது. வீட்டுப் பாவனை ஒரு படியின் விளிம்பில் நிற்குமாயின், அந்த நாலரையும் அடுத்த படியின் விலையிலே கணக்காகும். முந்திய மூன்று மாதப் பற்றுச்சீட்டுகளை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஐப்பசியிற் பின்னேரங்களில் இடி முழங்கத் தொடங்கினால் மின்கம்பியை மட்டுமன்று, இணையக் கம்பியையும் கழற்றிவிடுங்கள். அட்டையும் எஸ்.எஸ்.டி.யும் வாங்கியது போக மிஞ்சும் பணத்தைத் தாயாரிடமே திருப்பிக் கொடுங்கள், தம்பி; எட்டாந் தலைமுறைக் கணினிக்கு அடுத்த சீட்டை அவர் தொடங்கட்டும்.