மூன்று கிழமை லீவும் முப்பத்திரண்டு வருட வனவாசமும்

தோழர்களே, தொழிலாளி ஒரு கோரிக்கை வைத்தால் அதற்கு இரண்டு விதமாகப் பதில் சொல்லலாம். முடியும் அல்லது முடியாது என்று கணக்கைக் காட்டிச் சொல்வது ஒரு விதம். கேட்டவன் யார், அவனுக்குப் பின்னால் நின்று தூண்டிவிடுபவன் யார் என்று துருவுவது மற்ற விதம். கணக்குக் காட்டிச் சொன்னால் அதன்மேல் பேச்சுவார்த்தை நடத்தலாம். கேட்டவனுக்குப் பட்டம் சூட்டினால் அதோடு பேச்சு முடிந்துவிடும். துரைமார் இரண்டாவது வழியில் போவது புதிதல்ல. தொழிலாளியின் வாக்கில் பதவிக்கு வந்த தலைவனே அந்த வழியில் போனால் என்ன ஆகும்? அவுஸ்திரேலியாவில் வின்ஸ் கெயர் என்ற செனட்டரின் அரசியல் வாழ்க்கை அதற்குப் பதில் சொல்கிறது.

கெயர் முதலாளி வீட்டுப் பிள்ளையல்ல. 1901ஆம் ஆண்டு குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் ரொக்ஹம்டன் நகரில் பிறந்தவர். ரயில்வேயில் கிளாக்கர் வேலை பார்த்தவர். 1932இல் தொழிற்கட்சிக்காரராக மாநில சட்டசபைக்குப் போனார். 1952இல் மாநிலப் பிரதமரானார். குவீன்ஸ்லாந்தில் 1915 முதல் இடையில் மூன்று வருடம் தவிரத் தொழிற்கட்சியே ஆட்சியில் இருந்தது. அப்படிப்பட்ட கோட்டையின் சாவி அவருடைய கையில் இருந்தது.

அந்தக் காலத்து அவுஸ்திரேலியாவையும் நாம் பார்க்க வேண்டும். பல பெரிய யூனியன்களின் தலைமையில் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். அவர்களைத் தேர்தலில் தோற்கடிக்க 1945 முதல் தொழிற்கட்சியே யூனியன்களுக்குள் "தொழிற் குழுக்கள்" என்று அமைத்தது. சாந்தமரியா என்பவரின் தலைமையில் கத்தோலிக்கர் மத்தியில் இயங்கிய ஒரு மறைமுக இயக்கமும் இதே வேலையைச் செய்தது. 1954இல் கட்சித் தலைவர் எவற் இந்தக் கூட்டத்தைப் பகிரங்கமாகச் சாடினார். 1955இல் கட்சி உடைந்தது. விக்டோரியாவில் தொழிற்கட்சி ஆட்சி அதே ஆண்டில் கவிழ்ந்தது. வெளியேறியவர்களே பின்னர் ஜனநாயகத் தொழிற்கட்சி என்ற பெயரில் நின்றார்கள்.

கம்யூனிஸத்துக்கு அஞ்சியவர்கள் எல்லோரும் முதலாளிகளின் கைக்கூலிகள் என்று நாம் சொல்ல வரவில்லை. 1956இல் ஹங்கேரித் தொழிலாளர்கள்மீது சோவியத் தாங்கிகள் ஏறியதைப் பார்த்து மனம் குமுறிய நேர்மையான யூனியன்காரர்கள் உலகெங்கும் இருந்தார்கள். ஒரு யூனியனைத் தன் கட்சியின் காரியாலயமாக மாற்றப் பார்க்கும் எவரையும், அவர் எந்த நிறமானாலும், தட்டிக்கேட்கும் உரிமை அங்கத்தவருக்கு உண்டு. அதில் நமக்குச் சண்டையில்லை. அந்த அச்சத்தை எடுத்துத் தொழிலாளியின் நியாயமான கோரிக்கையின் வாயை அடைக்கப் பயன்படுத்தியதில்தான் நமக்குச் சண்டை.

1956இல் நடந்ததைக் கேளுங்கள். ஆட்டு உரோமம் கத்தரிக்கும் தொழிலாளருக்கு அங்கே நூறு ஆட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கிலோ கணக்கில் கொழுந்துக்குக் காசு வாங்கும் நமக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. அந்த விகிதத்தில் பத்து வீதத்தை வெட்டினார்கள். தொழிலாளர்கள் கத்தரியைக் கீழே வைத்தார்கள். கூலி வெட்டுக்கு உடன்பட்டவர்கள் கத்தரித்த உரோமத்தைத் துறைமுகத் தொழிலாளர்கள் தொட மறுத்தார்கள். வருடத் தொடக்கத்தில் ஆரம்பித்த போராட்டம் ஒக்டோபர் வரை இழுபட்டது. தொழிற்கட்சியின் பிரதமரான கெயர் என்ன செய்தார்? உரோமத்தைக் கப்பலேற்ற அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தினார்.

அதே ஆண்டில் மக்காய் நகரில் கட்சியின் மாநில மகாநாடு கூடியது. மாநிலத்துத் தொழிலாளர் எல்லோருக்கும் வருடத்துக்கு மூன்று கிழமை சம்பளத்துடன் லீவு கொடுக்கச் சட்டம் கொண்டுவர வேண்டும் என்று தீர்மானம் எடுத்தது. கெயர் மறுத்தார். காசில்லை, இப்போது நேரமில்லை என்றார். கட்சிக்காரர் விடவில்லை. அப்போதுதான் அந்தப் பட்டம் வெளியே வந்தது. யூனியன் மண்டபத்தைக் கம்யூனிஸ்டுகள் ஆட்டிவைக்கிறார்கள், அவர்கள் சொல்வதற்கு அரசாங்கம் ஆடாது என்ற பேச்சு வந்தது.

இது உண்மையா? கெயருக்கு எதிராக நின்றவர்களில் முதல்வர் ஜோ புகோவ்ஸ்கி. அவர் அவுஸ்திரேலியத் தொழிலாளர் சங்கத்தின் குவீன்ஸ்லாந்துச் செயலாளர். அந்தச் சங்கமோ கம்யூனிஸ்டுகளோடு காலம் காலமாக மல்லுக்கட்டிய சங்கம். யூனியன் மண்டபத்துக்காரரோடும் அதற்குப் பழைய பகை உண்டு. கூலி வெட்டும் லீவு மறுப்பும்தான் அந்த இரண்டு பகையாளிகளையும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தின. அதைச் செய்தது மொஸ்கோ அல்ல. கெயரே செய்தார். வருடம் முழுவதும் வேலை செய்தவன் மூன்று கிழமை ஓய்வு கேட்பதற்கு எந்த நாட்டுத் தூதுவனும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

1957 ஏப்ரில் 24ஆம் திகதி கட்சியின் மாநில நிர்வாகக் குழு 35க்கு 30 என்ற வாக்கில் கெயரை வெளியேற்றியது. அவர் பதவி விலகவில்லை. ஒரே ஒருவரைத் தவிர மந்திரிமார் எல்லோரும் அவரோடு போனார்கள். குவீன்ஸ்லாந்துத் தொழிற்கட்சி என்று புதுப் பலகை மாட்டினார்கள். யூன் மாதத்தில் அவரது அரசாங்கம் சட்டசபையில் பண ஒதுக்கீடு கேட்டபோது, எஞ்சிய தொழிற்கட்சியினர் நாட்டுக் கட்சியோடும் லிபரல் கட்சியோடும் சேர்ந்து வாக்களித்து அதைத் தோற்கடித்தார்கள். ஆட்சி விழுந்தது.

ஒகஸ்ட் மாதத் தேர்தல் முடிவை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் எழுதி வைக்கலாம். பிளவுபட்ட இரண்டு தொழிற்கட்சிகளின் வாக்குகளையும் கூட்டினால் மாநிலத்தின் மொத்த வாக்கில் பாதிக்கு மேல் வருகிறது. ஆனால் 75 ஆசனங்களில் பழைய கட்சிக்கு 20, கெயரின் கட்சிக்கு 11. நாட்டுக் கட்சியும் லிபரல் கட்சியும் 42 ஆசனங்களோடு ஆட்சியில் ஏறின. பெரும்பான்மை வாக்கைப் போட்ட தொழிலாளி எதிர்க்கட்சி வரிசைக்குப் போனான். அங்கிருந்து திரும்பி வர 1989 வரை, 32 வருடம் பிடித்தது.

அந்த 32 வருடத்தில் ஜோ பியெல்கி-பீட்டர்சனின் ஆட்சியும் அடங்கும். அவரே தெரு ஊர்வலங்களைத் தடை செய்தவர். 1985இல் வேலைநிறுத்தம் செய்த மின்சாரத் தொழிலாளரில் ஏறக்குறைய ஆயிரம் பேரை வேலையிலிருந்து தூக்கியவர். அவர் கையிலெடுத்த அவசரகால அதிகாரம் முன்னமே தொழிற்கட்சி அரசாங்கங்கள் வேலைநிறுத்தக்காரருக்கு எதிராகப் பாவித்துப் பழக்கிய அதிகாரம். அவருடைய கட்சிக்குக் குறைந்த வாக்கில் கூடிய ஆசனம் தந்த தொகுதிப் பிரிப்பின் அடித்தளத்தையும் 1949இல் தொழிற்கட்சி ஆட்சியே போட்டது. தன் ஆட்சி என்றும் நிலைக்கும் என்று நினைத்து வெட்டிய குழியில் தொழிலாளியையே தள்ளினார்கள்.

கெயர் 1960இல் தன் சொந்த ஆசனத்தையும் இழந்தார். அவருடைய கட்சி 1962இல் ஜனநாயகத் தொழிற்கட்சியோடு இணைந்தது. 1964 தேர்தலில் வென்று, அடுத்த ஆண்டு செனட்டுக்குப் போய் அங்கே கட்சியின் தலைவரானார். அந்தக் கட்சிக்கு ஆட்சி பிடிக்கும் பலம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆனால் தன் ஆதரவாளரின் இரண்டாவது விருப்பு வாக்கை லிபரல்-நாட்டுக் கட்சிக் கூட்டணிக்கு அள்ளிக்கொடுத்துத் தொழிற்கட்சியை வெளியே நிறுத்தும் பலம் இருந்தது. மத்தியில் 1949இல் போன ஆட்சி 1972இல்தான் தொழிற்கட்சிக்குத் திரும்பியது. அப்போதும் செனட்டில் இந்த ஐந்து பேர் குறுக்கே நின்றார்கள். எல்லோருக்கும் வைத்தியச் செலவுக்குக் காப்புறுதி தரும் சட்டமூலத்தை 1973 டிசம்பரில் செனட் நிராகரித்தபோது அந்தக் கட்சியின் வாக்குகளும் எதிர்ப்பக்கத்திலேயே விழுந்தன. தொழிற்கட்சி என்ற பெயர் அவர்களின் பலகையில் கடைசிவரை இருந்தது.

முடிவு எப்படி வந்தது தெரியுமா? 1973இல் கட்சித் தலைமை கெயரின் கையைவிட்டுப் போனது. 1974இல் பிரதமர் விற்லம் அவரை அயர்லாந்துக்குத் தூதுவராக அனுப்ப முன்வந்தார். குவீன்ஸ்லாந்தில் ஒரு செனட் ஆசனம் கூடுதலாகக் காலியானால் அது தொழிற்கட்சிக்குக் கிடைக்கலாம் என்பது விற்லமின் கணக்கு. பதினேழு வருடமாகத் தொழிற்கட்சியைத் திட்டிய கெயர் அதே கட்சியின் கையிலிருந்து பதவியை வாங்கிக்கொண்டார். ஏப்ரில் 2ஆம் திகதி இரவு நாட்டுக் கட்சி செனட்டர்கள் அவருக்கு பியரும் இறாலும் பரிமாறி ராஜினாமாக் கடிதம் கொடுக்கவிடாமல் உட்காரவைத்தார்கள். அதற்குள் பியெல்கி-பீட்டர்சன் ஐந்து ஆசனத்துக்கு மட்டும் தேர்தல் கட்டளையை வெளியிடச் செய்துவிட்டார். சொந்தக் கட்சியும் கெயரை வெளியேற்றியது. மே மாதத் தேர்தலில் அந்தக் கட்சி செனட்டில் இருந்த ஐந்து ஆசனத்தையும் ஒன்றுவிடாமல் இழந்தது. 1976இல் புதிய அரசாங்கம் அவரை டப்ளினிலிருந்து திருப்பி அழைத்தது. கொள்கைக்காகப் பிரிந்தோம் என்று பதினேழு வருடம் முழங்கிய பயணம் ஒரு தட்டு இறாலில் வந்து நின்றது.

கெயரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. மகாநாட்டின் தீர்மானத்தைத் தலைவன் மதிக்க வேண்டும் என்று நின்றவர்கள் கோரிக்கையில் சரியாக நின்றார்கள். ஆனால் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் வீட்டை இரண்டாகப் பிளந்து, பிறகு எதிரியோடு சேர்ந்து கூரையையும் இறக்கினார்கள். பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸில் அதே சண்டை, அதே பட்டங்கள், அதே பகை இருந்தும் பிரதமர் ஜோ கஹிலின் தொழிற்கட்சி உடையாமல் தாக்குப்பிடித்தது. அங்கே 1958இல் மூன்று கிழமை லீவு சட்டமானது. ஆட்சியும் 1965 வரை நிலைத்தது. குவீன்ஸ்லாந்துத் தொழிலாளி எந்த லீவைக் கேட்டுக் கட்சியை இழந்தானோ, அந்த லீவை எல்லைக்கு அப்பால் இருந்த தொழிலாளி கட்சியை வைத்துக்கொண்டே வாங்கினான்.

ஒரே லயத்தில் நாலு குடும்பம் நாலு யூனியனுக்குச் சந்தா கட்டும் நமக்கு இந்தக் கதையின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே தோழர்களே, கூட்டத்தில் யாராவது எழுந்து இன்னாரை நம்பாதே, அவன் இன்ன கட்சிக்காரன், இன்ன ஆளின் கையாள் என்று பேசினால் உடனே கைதட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். அவன் கேட்கும் கோரிக்கை நமக்கு வேண்டியதா, இல்லையா? நாம் கூடி எடுத்த தீர்மானத்துக்குத் தலைவர் கட்டுப்படுகிறாரா? நாம் பிரிந்தால் நாளைக் காலை பிரட்டுக் களத்தில் சிரிக்கப்போவது யார்? இவற்றுக்குப் பதில் வாங்காமல் யார் பின்னாலும் போக வேண்டாம். தலைவரைக் கூட்டத்தில் வைத்துக் கேள்வி கேட்போம், தீர்மானத்தால் கட்டுவோம், அடுத்த தேர்தலில் வேண்டுமானால் மாற்றுவோம். சங்கத்தை உடைக்க மட்டும் எவருக்கும் கை கொடுக்க மாட்டோம்.